சிலுவையடியில் பொங்கல் – 4: புதுச்சேரியில் எழுதிய தீர்ப்பு

தை பிறக்கும்போது மலேசியாவின் லாபிஸ் பக்கத்து வேதக்காரர் வீடுகளிலும் எழக்கூடிய கேள்விதான் இது: கிறிஸ்தவர் பொங்கல் வைக்கலாமா? மோசேயின் சட்டத்தைக் காட்டி, கூடாது என்பார் ஒருவர். சாப்பாடு, பண்டிகை விஷயத்தில் ஒருவரை ஒருவர் குறை சொல்லலாகாது என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதைக் காட்டி, வைக்கலாம் என்பார் இன்னொருவர். இருவர் கையிலும் அதே வேதாகமம்தான்.

இந்த வழக்கு 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலியிடம் தொடங்கியதைப் பார்த்தோம். பொங்கலை அவர் தடுக்கவில்லை. சிலுவை நட்டு, அதனடியில் புத்தரிசியைப் பொங்கச் சொன்னார். அவர் ஏற்ற காவி, பூணூல், சந்தனம் எல்லாவற்றுக்கும் எதிராக ரோமுக்குப் புகார் போனது. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்காமல் பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம் என்றார்.

எண்பது ஆண்டுகள் அந்த அனுமதி தாங்கியது. 1703 நவம்பர் 6-ஆம் தேதி புதுச்சேரியில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் சீனாவுக்குப் போகும் வழியில் இருந்த போப்பின் தூதர், மையார் தெ தூர்னோன். வயது 34. தமிழ் தெரியாது. நோயில் விழுந்ததால் மதுரைப் பக்கம் போகவே இல்லை. பூஷே, பெர்த்தோல்தி என்ற இரு இயேசு சபைக் குருக்களிடம் விளக்கம் வாங்கினார். மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சிலரை விசாரித்தார். ஒரு சனத்தின் கல்யாணத்தையும் சாவையும் கண்ணால் பாராமல் அதன் வழக்கங்களுக்குத் தீர்ப்பு எழுதியது பெரும் பிழை என்றே நான் சொல்வேன்.

1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணையில் 16 விதிகள். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடக் கூடாது. சாணச் சாம்பல் பூசக் கூடாது. கோயில் திருவிழாவில் கிறிஸ்தவர் மேளம் வாசிக்கக் கூடாது. வாசித்துப் பிழைத்தவர்களின் அடுப்பு எப்படி எரியும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் குருக்களை உலுக்கியது வேறொரு விதி. நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குக் குரு நேரில் போய்த் திருவருட்சாதனம் தர வேண்டும் என்றார் தூர்னோன். அதுவரை குருக்கள், உயர்சாதியார் விலகிவிடுவார்கள் என்று அஞ்சி, சாகக் கிடப்பவரையும் வெளியே தூக்கி வரச் செய்துகொண்டிருந்தார்கள். பண்பாட்டுக்கு இடம் கொடுத்தவர்கள் தீண்டாமைக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு விதியில் நியாயம் தூர்னோன் பக்கமே.

ஜூலை 8-இல் தூர்னோன் ஆணையை இயேசு சபையார் கையில் கொடுத்தார். மூன்றாம் நாள் கப்பலேறிவிட்டார். யாரிடம் முறையிடுவது? பூஷேயும் லைனஸ் என்ற இன்னொரு இயேசு சபைக் குருவும் போப்பைப் பார்க்க ரோமுக்கே புறப்பட்டார்கள். அங்கே எழுத்தில் இல்லாமல் வாய்மொழியாகக் கிடைத்த ஒரு பதில், வழக்கை இன்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இழுத்தது.

அந்தப் பதில் என்ன? அடுத்த வாரம்.