கான்கிரீட் குறுக்குக்கட்டையின் வளைவும் சரளைத் தாங்கலும்: ஒரு வரலாற்று நோக்கு

இருப்புப்பாதைக் குறுக்குக்கட்டைகளுக்கு வலுவூட்டிய கான்கிரீட்டைப் பயன்படுத்த 1877இல் பிரான்சின் ஜோசப் மோனியே காப்புரிமை பெற்றார். எனினும் அப்பொருள் பெருவழக்குப் பெற இரண்டாம் உலகப்போர்க்கால மரத்தட்டுப்பாடும் முன்தகைவுத் தொழில்நுட்பமும் தேவைப்பட்டன. இத்தாமதத்திற்குப் பொருளின் வலுவின்மையே காரணம் எனக் கூறுவது முழுமையான விளக்கமாகாது. மரக்கட்டை தரையின் மேடுபள்ளத்திற்கேற்ப வளைந்துகொடுக்கும். கான்கிரீட்டோ விரிசல் காணும். எனவே, கட்டையின் கீழே தாங்கல் எங்குள்ளது என்னும் வினா கான்கிரீட்டோடுதான் கூர்மை பெற்றது.

பிராக் நகரில் 1867இல் வெளிவந்த தம் நூலில் எமில் விங்க்லர், ஒவ்வொரு புள்ளியிலும் அடித்தளத்தின் எதிர்விசை அங்குள்ள அமிழ்வுக்கு நேர்விகிதத்தில் அமையும் எனக் கொண்டார். சிம்மர்மன் 1888இல் இதனை இருப்புப்பாதைக் கணக்கீட்டு முறையாக விரித்தார். இக்கருதுகோள் எளியது, ஆனால் சரளை என்றும் ஒருசீராக இருப்பதில்லை. அமெரிக்காவில் 1914இல் அமைக்கப்பட்டு, ஆர்தர் டால்பட் தலைமையில் இயங்கிய குழு, கட்டைகளின் வளைவையும் சரளையில் அழுத்தம் பரவும் விதத்தையும் களத்திலேயே அளக்க முற்பட்டமை இவ்வகையில் திருப்புமுனை எனலாம்.

சிக்கலின் அளவை ஓர் எளிய கணக்கு காட்டும். கட்டையின் நீளம் 2.6 மீட்டர், தண்டவாள மையங்களின் இடைவெளி 1.5 மீட்டர், ஒவ்வொரு தண்டவாளத்தின் வழியும் இறங்கும் சுமை 100 கிலோநியூட்டன் எனக் கொள்வோம். சரளை புதிதாகச் செறிக்கப்பட்டு, நடுவில் 0.4 மீட்டர் மட்டும் தாங்கலின்றி இருப்பின் கட்டையின் மையத்தில் வளைவுத் திருப்புத்திறன் சுழியாகும். நீளம் முழுதும் சீரான தாங்கல் இருப்பின் மையத்தில் மேல்முகம் இழுபடும் வகையில் 10 கிலோநியூட்டன் மீட்டர் தோன்றும். தண்டவாளங்களுக்கு அடியிலுள்ள சரளை நொறுங்கி அமிழ்ந்து, நடு 1.5 மீட்டர் மட்டும் தாங்குமாயின் அது 37.5 ஆக உயரும். சுமையும் கட்டையும் மாறவில்லை; தரை மட்டுமே மாறியது. தண்டவாள இருக்கையிலோ முறை தலைகீழ்: முதல் நிலையில் ஏறத்தாழ 13.8, இரண்டாவதில் 11.6, இறுதியில் சுழி. ஆகவே இருக்கையின் அடிமுக விரிசலும் மையத்தின் மேல்முக விரிசலும் வெவ்வேறு தாங்கல் நிலைகளைச் சுட்டுகின்றன. (விரிசலைக் கண்டவுடன் வார்ப்பாலையைக் குறைகூறும் வழக்கம் இங்கு மறுபரிசீலனைக்குரியது.)

இதற்கு இருவேறு விடைகள் எழுந்தன. பிரெஞ்சுப் பொறியாளர் ரோஜே சோன்வில் 1940களின் இறுதியில் இரு கான்கிரீட் கட்டிகளை எஃகுத்தண்டால் இணைத்தார். வளைந்துகொடுக்கும் எஃகை நடுவில் வைத்ததால் மைய விரிசல் என்னும் இடரே அகன்றது. ஜெர்மனியின் பி 70 வகையோ ஒற்றைக்கட்டையாகவே நீடித்து, நடுப்பகுதியின் உயரத்தைக் குறைத்து, இரு திசை வளைவையும் முன்தகைவால் எதிர்கொண்டது. முன்னது தரையின் மீது நம்பிக்கை வைக்காத வடிவம். பின்னது சரளைப் பராமரிப்பை நம்பிய வடிவம். நடுப்பகுதியைச் செறிக்காது விடும் பராமரிப்பு விதியும் இந்நம்பிக்கையின் ஒரு கூறேயாகும்.