பிறைத்தளம்

குழாயிலோ பாத்திரத்திலோ உள்ள திரவத்தின் மேற்பரப்பு சுவரோரம் வளைந்து நிற்பதே பிறைத்தளம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓரத்தில் உயர்ந்து நடுவில் குழியும். பாதரசம் நடுவில் புடைத்து ஓரத்தில் தாழும்.

தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இழுக்கின்றன. இது ஓரினக் கவர்ச்சி. கண்ணாடிப் பரப்பும் அதே வகைப் பிணைப்பால் தண்ணீரைப் பற்றுகிறது. இது வேறினக் கவர்ச்சி. சுத்தமான கண்ணாடியில் பின்னதன் பிடி வலுவானதால் தண்ணீர் சுவரில் ஏறுகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் மெழுகு பூசிவிட்டால் அதே தண்ணீர் பாதரசத்தைப் போலப் புடைத்து நிற்கும். வளைவைத் தண்ணீரின் இயல்பு என்று மட்டும் படிப்பது பாதிப் பாடமே. அதில் பாத்திரத்துக்கும் சம பங்கு உண்டு.

குழாய் குறுகக் குறுக ஏற்றம் கூடும். உயரம் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதை ஜேம்ஸ் ஜூரின் 1718இல் விளக்கினார். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஏறும். காற்றழுத்தம் இதற்குக் காரணமல்ல. காற்று நீக்கிய கலத்திலும் நீர் ஏறுவதை அதற்கு முன்பே பிரான்சிஸ் ஹாக்ஸ்பீ சோதித்துக் காட்டியிருந்தார். உயர்ந்த மரங்களின் உச்சிக்கு நீர் போவதும் இந்தக் குழாய் ஏற்றத்தால்தான் என்பார்கள். கணக்கு அதற்கு இடம் தராது: 0.02 மில்லிமீட்டர் ஆரமுள்ள மரக்குழாய் முக்கால் மீட்டர் உயரத்துக்கு மட்டுமே நீரை ஏற்றும். மீதி வேலை, இலைகளில் நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவையுடையது.

விளிம்புவரை நிரம்பிய டம்ளரில் இன்னும் சில துளிகள் விட்டாலும் நீர் வழியாமல் மேடாக நிற்கும். பரப்பு இழுவிசையே அதைப் பிடித்து நிறுத்துகிறது. 20 டிகிரி செல்சியஸில் அது மீட்டருக்குச் சுமார் 0.073 நியூட்டன். குறைவாக நிரம்பிய டம்ளரில் மிதக்கும் தக்கை சுவரை நாடும், மேடாக நிரம்பியதில் நடுவுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத வளைவைக் காட்ட இதைவிட எளிய சோதனை இல்லை.

ஆய்வகத்தில் பியூரெட்டில் வளைவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்து அளவெடுக்க வேண்டும், பாதரசமானால் உச்சியை. அடி தெரியாத அடர்நிறப் பெர்மாங்கனேட் கரைசலுக்கு மேல்விளிம்பு.

அகன்ற பாத்திரத்தில் இந்த வளைவு சுவரிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பால் புவியீர்ப்பு பரப்பைச் சமமாக்கிவிடுகிறது. எடையற்ற விண்வெளியில் அந்தத் தடை இல்லை. 2008இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர் டான் பெட்டிட் பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒருபுறம் கூர்மையான மடிப்புள்ள கோப்பை செய்தார். காபி அந்த மடிப்பு வழியே தானாக உதடுவரை வந்தது. விண்கலங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குள் மெல்லிய தகடுகளைப் பொருத்தி, திரவத்தை வெளியேறும் வாய்க்குக் கொண்டுவருவதும் இதே கவர்ச்சியைக் கொண்டுதான்.