சான்றிதழின் இரண்டு பிறப்புகள்: ஜேர்மனியில் குளிரூட்டல் தொழில்

எமது சந்திப்புகளில் அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு: "எங்கட ஆக்களுக்குத் தொழில் தெரியும், இங்க பேப்பரைக் கேக்கிறாங்கள்." இதற்கு நிறவாதம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுபவர்கள் ஒரு புறம். பேப்பர் கேட்பதுதானே ஒழுங்கு என்பவர்கள் மறுபுறம். இரண்டாவது குரல் சான்றிதழைத் தொழுது பழகிய யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் குரல். (நானும் அதன் விளைச்சல்தான். பட்டங்கள் அலுமாரிக்குள் இருக்கின்றன. தொழிற்சாலையில் அவற்றை யாரும் கேட்டதில்லை.) எந்தச் சான்றிதழ், யாரால், எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை இரு பகுதியினரும் கேட்பதில்லை.

வெப்பமூட்டல், குளிரூட்டல் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியில் இதன் வாசலில் இரண்டு சான்றிதழ்கள் நிற்கின்றன.

முதலாவது மைஸ்ரர் பட்டம். மத்திய காலக் கைவினைஞர் சங்கங்களிலிருந்து அறுபடாமல் வந்த மரபு இது என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். வரலாறு வேறு விதமானது. 1810 இல் பிரஷ்யாவும், 1869 இன் தொழிற்சட்டத்தின் மூலம் வட ஜேர்மன் கூட்டமைப்பும் தொழில் சுதந்திரத்தை நிலைநாட்டி, சங்கங்களின் பிடியை உடைத்திருந்தன. தொழிற்சாலை உற்பத்தியால் நெருக்கப்பட்ட சிறு கைவினைஞர்கள் கதவை மீண்டும் மூடும்படி பல பத்தாண்டுகள் கோரினார்கள். 1897 இன் சட்டம் அவர்களுக்குக் கைவினைச் சபைகளைக் கொடுத்தது. 1908 இல், பயிற்சியாளரை வைத்திருக்கும் உரிமை மைஸ்ரருக்கே என்றாயிற்று. ஆனால் சொந்தமாகத் தொழில் நடத்தவே மைஸ்ரர் பட்டம் வேண்டும் என்ற விதி 1935 ஜனவரி 18 இல், ஹிட்லரின் ஆட்சியிலேயே வந்தது. 1938 நவம்பரில் அதே ஆட்சி, யூதர்கள் சுயமாகக் கைவினைத் தொழில் நடத்துவதை முற்றாகத் தடை செய்தது.

போருக்குப் பின்னர் அமெரிக்கர் தமது ஆக்கிரமிப்பு வலயத்தில் இந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். 1953 இன் கைவினைச் சட்டம் அதனை மேற்கு ஜேர்மனி முழுவதற்கும் திரும்பக் கொண்டுவந்தது. 1961 இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அதனை ஏற்றது. இங்கு கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் கூறிய காரணம்: கைவினைத் துறையின் தரத்தைப் பேணுவதும், அடுத்த தலைமுறைக்கான பயிற்சியும். உயிராபத்து என்ற நியாயம் பிரதான அளவுகோலாக வந்தது 2004 இன் சீர்திருத்தத்தில்தான். அப்போது 94 தொழில்களில் 53 விடுவிக்கப்பட்டன. வெப்பமூட்டலும் குளிரூட்டலும் எஞ்சிய 41 இற்குள் இருந்தன. கொதிகலனைப் பிழையாகப் பொருத்தினால் காபனோரொட்சைட்டு ஒரு குடும்பத்தையே தூக்கத்தில் கொல்லும் என்பதால் அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிறகு தேடி வைக்கப்பட்ட நியாயம்.

இரண்டாவது சான்றிதழ் வாயுவிலிருந்து பிறந்தது. ஆரம்பகாலக் குளிர்சாதனப் பெட்டிகளில் கந்தகவீரொட்சைட்டு, அமோனியா போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. 1928 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியின் குழு நச்சுத்தன்மை குறைந்த, தீப்பற்றாத குளோரோபுளோரோகாபன்களைக் கொண்டுவந்தது. 1930 இல் மிட்ஜ்லி அதைச் சபை முன் சுவாசித்து, வெளியே ஊதி, மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். வாயு பாதுகாப்பானது, ஆகவே திறந்துவிடலாம் என்ற பழக்கம் இந்த நம்பிக்கையிலிருந்து வளர்ந்தது. 1974 இல் மொலினாவும் றோலண்டும் அது ஓசோனை அழிக்கும் என்றார்கள். 1985 இல் அந்தாட்டிக்காவின் ஓசோன் துவாரம் அறிவிக்கப்பட்டது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது.

குளிரூட்டும் இயந்திரத்தில் வாயு எரிந்து தீர்வதில்லை. அமுக்கப்பட்டு, திரவமாகி, விரிந்து, மீண்டும் வாயுவாகி ஒரே சுற்றில் ஓடுகிறது. அது வெளியேறினால், ஒன்றில் இணைப்புப் பிழை, அல்லது யாரோ திறந்துவிட்டிருக்கிறார். ஆகவே தொழிலாளியின் கை சட்டத்தின் விடயமாயிற்று. அமெரிக்காவில் 1994 நவம்பர் 14 முதல் தொழில்நுட்பவியலாளர் சான்றிதழ் கட்டாயமானது. அங்கே முன்பயிற்சி எதையும் கேட்காமல் பரீட்சை எழுத விடுகிறார்கள். பற்றவைக்கத் தெரியாதவரும் சித்தியடையலாம் என்பது அதன் பலவீனம். ஐரோப்பாவின் 2006 ஆம், 2008 ஆம் ஆண்டு விதிகள் செய்முறைப் பரீட்சையையும் வைத்தன. காரணம் உண்டு: ஆர்-134ஏ ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 1430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். 2024 இன் புதிய ஐரோப்பிய விதி, தீப்பற்றக்கூடிய புரோப்பேன் போன்ற மாற்று வாயுக்களையும் இந்தப் பயிற்சிக்குள் கொண்டுவந்தது.

ஜேர்மனி 2008 இல் இதனைத் தன் சட்டத்தினுள் எடுத்தபோது, பரீட்சைக்கு முன்னர் தொழில்நுட்ப அல்லது கைவினைப் பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தது. இரண்டாவது வாசலைப் பழைய மதிலுக்கு உள்ளே கட்டினார்கள். எனது விமர்சனம் இங்கேதான்.

என்னுடன் பெட்டி அடுக்கும் ஒருவர் வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் ஏசி வேலை செய்தவர். எமது குளிர்க் களஞ்சியத்தின் கொம்பிறசர் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்வார். அவர் கற்ற இடத்தில் பழைய வாயுவை வெளியே திறந்துவிட்டுப் புதியதை ஏற்றுவதுதான் வழக்கம். அதை அவர் ஒளிக்கவில்லை. அவர் இரண்டாவது பரீட்சையை எழுதத்தான் வேண்டும். "பேப்பர் எதற்கு" என்று கேட்கும் எமது நண்பர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் அந்தப் பரீட்சைக்குப் போக மூன்றரை வருடப் பயிற்சியை ஐம்பது வயதில் ஏன் தொடங்க வேண்டும்?

2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டம் குடியுரிமையைப் பார்க்காதது பெரிய முன்னேற்றம். எனினும் அது வெளிநாட்டுச் சான்றிதழ் உள்ளவர்களுக்கானது. கையால் மட்டும் கற்றவருக்கு அதில் இடமில்லை. 2025 ஜனவரி முதல், சான்றிதழ் இல்லாத 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேலையில் பெற்ற திறனை மதிப்பிடக் கோரலாம். பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது குளிரூட்டலில் ஐந்தேகால் வருடம், வேலை செய்திருக்க வேண்டும். கைவினைத் தொழில்களில் மதிப்பிடுவோர் 1897 இன் சட்டம் உருவாக்கிய அதே சபைகள்தான். அந்தப் பன்னிரண்டு வருடங்களுக்கு நண்பரிடம் உள்ள ஆதாரம் விசா முத்திரைகள் குத்திய ஒரு பழைய கடவுச்சீட்டு. அதனுடன் சேர்க்க இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறோம்.