மிகிந்தலை மலையும் நம் ஊர்க் குன்றுகளும்

ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில், கணவாயைத் தாண்டியபின் ஆங்காங்கே மொட்டைப் பாறைக் குன்றுகள் தென்படுவதைக் கண்டிருப்பீர்கள். கடலுக்கு அப்பால் உள்ள ஒரு புனித மலைக்கும் மதுரைப் பகுதிக் குன்றுகளுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அந்த மலை இலங்கையில் அனுராதபுரத்திற்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மிகிந்தலை ஆகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகன் மகிந்தர், தேவநம்பிய தீசன் என்ற மன்னனை இங்கே சந்தித்துப் புத்தரின் அறத்தை எடுத்துரைத்தார் என்று மகாவம்சம் கூறுகிறது. கண்டக சேத்தியம் என்னும் தொன்மையான தூபி இங்குள்ளது. மலையடிவாரத்தில் பழைய மருத்துவமனை ஒன்றின் இடிபாடுகளும், நோயாளியைப் படுக்க வைப்பதற்கேற்ப மனித உருவில் குடையப்பட்ட கல்தொட்டியும் இருக்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் என்ற மன்னன் நாட்டிய கற்பலகைகள், மடத்துப் பணியாளரின் ஊதியத்தைக்கூட வரையறுத்துள்ளன.

இனித் துறவிகள் தங்கிய குகைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் புருவம் போல ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். எதற்காக?

நீருக்குப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உண்டு. எனவே மேலிருந்து வழியும் மழைநீர் விளிம்பை அடைந்ததும் உடனே விழுந்துவிடாது. அடிப்பக்கமாக ஊர்ந்து குகைக்குள் சென்று சொட்டும். குறுக்கே காடி இருந்தால், அதைக் கடக்க நீர் மேல்நோக்கி ஏற வேண்டும். அது இயலாமல், துளிகளாகத் திரண்டு வாயிலுக்கு வெளியே விழுந்துவிடும். சன்ஷேடின் அடியில் கொத்தனார் இழுக்கும் பள்ளக்கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது!

காடியின் கீழ், குகையைத் தானமளித்தவரின் பெயர் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் இருக்கும். மதுரைக் குன்றுகளிலும் இதே காடி, இதே எழுத்து முறை. ஆனால் மொழி தமிழ். மாங்குளம் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். மாங்குளத்தில் குறிக்கப்படும் கணிநந்தன் சமணத் துறவி. அங்கே பௌத்தம், இங்கே சமணம். கல்தச்சரின் நுட்பமோ ஒன்றே.

மக்களும் இரு கரைகளிலும் நடமாடியிருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டொன்று ஈழத்துக் குடும்பிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. அனுராதபுரத்துக் கல்வெட்டொன்றோ தமிழ் இல்லறத்தார்க்கென அமைந்த மண்டபத்தைக் குறிப்பிடுகிறது.

எழுத்து துறவிகளுக்கு மட்டும் உரியதாக இருந்ததா? இல்லை என்று சொல்ல ஆண்டிபட்டி வட்டத்திலேயே சான்று உண்டு. 2006இல் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. ஆநிரை கவரும் பூசலில் இறந்த ஒரு வீரனின் பெயர் அவற்றுள் ஒன்றில் பொறிக்கப்பட்டுள்ளது.

மிகிந்தலையை ஒரு நாடே போற்றிக் காக்கிறது. நம் குன்றுகளின் நிலை வேறு. மதுரை வட்டாரத்தில் பல பாறைகள் கல்குவாரிகளுக்கு இரையாயின. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுள்ள அரிட்டாபட்டி, டங்ஸ்டன் சுரங்க ஏலப் பகுதிக்குள் வந்தது; ஊர் மக்கள் திரண்டு எதிர்த்த பின்னரே, 2025 சனவரியில் அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டது.

ஈராயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய எழுத்து, ஒரே வெடியில் தூளாகிவிடும். அடுத்த முறை ஒரு குன்றில் ஏறினால், பாறையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள். காடியோ எழுத்தோ தென்பட்டால் அதன்மேல் சுண்ணாம்போ பெயரோ எழுதாமல், உங்கள் ஆசிரியரிடமோ தொல்லியல் துறையினரிடமோ தெரிவியுங்கள். புலிமான்கோம்பை போன்ற மற்றொரு சான்று உங்கள் கண்ணிலும் படலாம்.