உப்பும் இரும்பும்: பூச்சுகளின் கதை

கடல் காற்றில் நிற்கும் இரும்பைத் துரு தின்பது, உள்நாட்டில் நிற்கும் இரும்பைத் தின்பதைவிடப் பல மடங்கு வேகமானது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரத்தின் வழியே மின்னோட்டம் எளிதாகப் பாய்கிறது. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் மூடியபோது இதன் கடுமை தெரிந்தது. மரத்தைத் துளைக்கும் புழு அண்டவில்லை; ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் சில ஆண்டுகளிலேயே அரித்துப்போயின. 1824இல் ஹம்ஃப்ரி டேவி, துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு இணைத்தால் அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தும் வழக்கம் அந்தக் கொள்கையில் வந்ததுதான்.

தமிழ்நாட்டில் இந்தப் போராட்டத்தின் பெரிய களம் பாம்பன். 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட ரயில் பாலம், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் நடுவே நின்றது. சுரண்டுவது, பூசுவது, மறுபடி சுரண்டுவது என்று அதன் பராமரிப்பு ஓயவே இல்லை. அரிமானத்தை அறிவியலாக ஆராயும் இடமும் அருகிலேயே அமைந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்து, 1953இல் திறக்கப்பட்டது. அதன் மண்டபம் கிளையில் பூச்சிட்ட உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி ஆராய்ந்தார்கள். எந்தப் பூச்சு எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு அந்தத் தகடுகளைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

பவுடர் கோட்டிங் பின்னால் வந்தது. 1950களில் ஜெர்மனியின் எர்வின் கெம்மர், காற்றால் மிதக்கவைத்த பிளாஸ்டிக் தூளில் சுடவைத்த உலோகத்தை முக்கியெடுக்கும் முறையைக் கண்டார். 1960களில் தூளுக்கு மின்னூட்டம் ஏற்றித் தெளிக்கும் துப்பாக்கி வந்தது. கோவை, திருப்பூர்ப் பட்டறைகளில் இன்று நடப்பது இந்த இரண்டாவது முறை. எண்ணெய் போக்குதல், துரு நீக்குதல், பாஸ்பேட் ஏற்றுதல் என்று ஏழு தொட்டிகளில் முக்கிக் கழுவிய பிறகு, பொருளைக் கொக்கியில் மாட்டித் தூளைத் தெளித்து, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அடுப்பில் வேகவைக்கிறார்கள். கரைப்பான் ஆவியாவதில்லை, கீழே சிந்திய தூளையும் சேகரித்து மறுபடி பயன்படுத்தலாம்.

உப்பின் தொல்லை திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்கும் புதிதன்று. 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் அறிமுகப்படுத்திய ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கும் மேல் போகும். நீராவியும் உப்பும் கலந்த சாயப்பட்டறையில் பவுடர் பூசிய பேனல் பெட்டியை உற்றுப் பார்த்தால் அந்தப் பூச்சின் பலவீனம் தெரியும். கூரான விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே ஒரு கீறல் விழுந்தால் போதும். மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் துரு ஊர்ந்து போய்த் தோலைப்போல் பூச்சு உரியும்.

படகிலும் கதை இதேதான். கைப்பிடிக் கம்பி, இருக்கைச் சட்டம் போன்று கழற்றி எடுக்கக்கூடிய, அடுப்பில் நுழையக்கூடிய பாகங்களுக்குப் பவுடர் பொருந்தும்; அதற்கும் அடியில் துத்தநாகம் கலந்த முதற்பூச்சு இருந்தால்தான் உறுதி. நீருக்குள் இருக்கும் பாகங்களுக்கும் அடிக்கடி உரசுபடும் இடங்களுக்கும் எபாக்ஸி பெயின்ட்டே மேல். கரையேற்றிய இடத்திலேயே துருவைச் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் தூரிகையால் தடவிவிடலாம். பவுடர் பூச்சை அதே தரத்தில் சீர்செய்யப் பாகத்தைக் கழற்றி மறுபடி அடுப்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுக்கும் அடிப்பூச்சும் பெயின்ட்டாகவே கிடைக்கிறது. அதில் சேர்க்கப்பட்டு வந்த டிரைபியூட்டைல் டின் கடல் உயிர்களைக் கொன்றதால், 2008இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை அதைத் தடை செய்தது.

2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகுக்கும் பெயின்ட் முறைதான் தேர்வானது. முதலில் துத்தநாகத்தை உருக்கித் தெளித்து, அதன் மேல் எபாக்ஸி அடைப்புப் பூச்சும் கடைசியில் பாலிசிலோக்சேன் பெயின்ட்டும் பூசியிருக்கிறார்கள்.