நொச்சிக்குப்பம்: வீடும் கரையும்

நகர வரலாற்றைக் கோயில், கோட்டை, கல்லூரி என்றே எழுதிப் பழகிய நமக்குக் குப்பத்தைப் பற்றிப் பேசச் சொற்கள் குறைவு. அரசிடம் ஒரு சொல் தயாராக இருந்தது: குடிசைப்பகுதி. 1970-ல் குடிசை மாற்று வாரியம் உருவாயிற்று. 1971-ல் அதற்கான சட்டம். மயிலாப்பூர்க் கரையில், கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, நொச்சிக்குப்பத்தில் எழுபதுகளில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

இதை வெறும் ஓட்டுத் தந்திரமென்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. ஓலைக்கூரைகள் அடிக்கடி தீக்கிரையான நகரத்தில், இருந்த இடத்திலேயே கல்வீடு என்பது சின்னக் காரியமல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. சட்டம் கண்டது வசிக்கிற மனிதனை மட்டுமே. குப்பமோ வசிப்பிடமும் தொழிற்கூடமும் பிரியாத ஒன்று. வலை உலர்வதும், கிழிசல் தைப்பதும், மீன் ஏலம் போவதும், பெண்கள் கூடை நிரப்புவதும் வாசலுக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணலில். படுத்துக் கிடந்த ஒரு வாழ்க்கையைக் கட்டிடம் நிமிர்த்தி வைத்தது. மணலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கில் வராததை அகற்றுவது சுலபம். 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைக்கும் வழியும் உயிர்வாழும் உரிமையில் அடக்கமென்றது. வெளியேற்றத்தை முற்றாகத் தடுத்துவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த எம்.ஜி.ஆர். அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தனர். போலீஸ் சுட்டது, ஐவர் மாண்டனர். அழகு என்ற சொல்லை விமர்சனத்தில் புழங்குகிற நாம் இந்த ஐந்து சாவுகளை அழகியலுக்கு அப்பாற்பட்டவை என்று தள்ளிவிட முடியாது.

உப்புக்காற்றில் கான்க்ரீட் உதிர்ந்தது. 2004 ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன: வீடு உண்டு, கடல் இல்லை. நொச்சிக்குப்பம் இடம்பெயராமல் மீண்டும் கட்டப்பட்டது. 2021-ல் வாரியத்தின் பெயரும் மாறி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. 'குடிசை' போய் 'வாழ்விடம்' வந்தது. தொழிலிடம் பெயருக்குள் இன்னமும் நுழையவில்லை.

2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடையூறென உயர் நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கையடுத்து, லூப் சாலையோர மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது. கடைகள் சாலைக்கு வந்தனவா, சாலை கரைக்கு வந்ததா என்பதே மீனவர் போராட்டத்தின் சாரம். 2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

அங்காடி ஒரு முன்னேற்றம்தான். திட்டம் தொழிலைக் கண்ணெடுத்துப் பார்த்திருக்கிறது. ஆனால் கூரைக்குள் அடங்குவது விற்பனை மட்டுமே. படகு ஏறவும் வலை உலரவும் வேண்டிய மணல் இன்னமும் நகரத்தின் பார்வையில் காலி இடம். அந்த மணல் குப்பத்தின் பகுதியென்று வரைபடத்தில் ஏறும்வரை, எத்தனை முறை கட்டினாலும் பாதிக் குப்பத்தைத்தான் கட்டுகிறோம்.