முறிந்த மணமும் சட்டமும்

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு வழி திறந்தது. ஆயினும் கூடாவொழுக்கம், மதமாற்றம், தீராப் பித்து முதலிய காரணங்களுள் ஒன்றை வழக்காடுவோர் மெய்ப்பித்தாக வேண்டும். 1976-இல் இருவரும் மனமொத்துப் பிரியும் வழியும் அச்சட்டத்தில் சேர்ந்தது.

ஒருவர் இசையாவிடில்? சீர்செய்ய இயலாதவாறு மணம் முறிந்துவிட்டதென்பதே போதிய காரணமாகட்டும் என 1978-இல் சட்டக் கமிஷன் பரிந்துரைத்தது. 2013-இல் ராஜ்யசபை நிறைவேற்றிய மசோதாவும் சட்டமாகவில்லை.

2023 மே 1-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு, அரசியலமைப்பின் 142-ஆம் ஷரத்தின்படி தான் அவ்வாறு மணமுறிவு வழங்கலாமெனத் தீர்ப்பளித்தது. வாய்ச்சொல் போதாது, கூடி வாழ்ந்த காலம், பிரிந்திருந்த ஆண்டுகள், சமரச முயற்சிகள், குழந்தைகளின் வயது, இருவரின் பொருள்நிலை யாவும் ஆராயப்பெறும். எனினும் இஃது உரிமையன்று. குடும்ப நீதிமன்றத்துக்கு இவ்வதிகாரமில்லை.

சுற்றம் தொலைவிலுள்ள நம் குடியிருப்பில், பிரிந்தோரைத் தூற்றாது, அவர்தம் மக்களுக்கு நாமே சுற்றமாவோம்.